ஒரு பொருள் கூடுதலாக

"பொறகு..." என்று இழுத்துவிட்டு நஸீறா நிறுத்துகிறாள். கிண்டிக்கொண்டிருந்த பூவரசங்கம்பைப் பானையின் விளிம்பில் சாய்க்கிறாள். முக்காட்டின் ஓரத்தை இழுத்துக் காதுக்குப் பின்னால் செருகுகிறாள். "பொறகு, துருப்புடிச்ச ஆணி ஒரு கைப்பிடி. புது ஆணி போட்டிராத புள்ள, சாயம் கோவிச்சிரும்."

கேட்டவள் பயபக்தியோடு தலையாட்டுகிறாள். நஸீறாவின் முகத்தில் ஸதகாத் தருமம் கொடுத்து முடித்தவரின் சாந்தம் பரவுகிறது. வந்தவள் கேற்றைத் தாண்டியதும் பானையின் மூடியைத் திறந்து பார்த்துக்கொள்கிறாள். அதற்குள் ஆணியும் இல்லை, ஆணி இருந்த பலகையும் இல்லை.

காத்தான்குடியில் ஆற்றங்கரைப் பக்கத்துச் சந்து அது; ஊர்ப்பேச்சில் ஒழுங்கை. வாவி என்று பாடப்புத்தகம் சொல்லும். அங்கே குடியிருப்பவர்களுக்கு அது ஆறுதான், ஓடாவிட்டாலும். 'சாய நஸீறா வீடு' என்று சொன்னால் ஓட்டோக்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டார். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரத் தாழ்வாரம், அதன்கீழ் மூன்று கல் அடுப்பு, அலுமினியப் பானைகள், நுனி மஞ்சளேறிப்போன ஒரு கம்பு. ஆலை இவ்வளவுதான். நெசவுக்காரர்கள் வெள்ளை நூலைச் சிட்டம் சிட்டமாகக் கொண்டுவருவார்கள். மஞ்சளும் பாக்கு நிறமுமாகத் திருப்பிக்கொண்டு போவார்கள். பாக்கு நிறம் பரவாயில்லை ரகம். மஞ்சள்தான் பேர்போனது. அதைப் பார்த்துவிட்டுக் கடை மஞ்சளைப் பார்த்தால், பாவம், யாரோ நோயாளி என்று தோன்றும்.

செய்முறையில் பெரிய மர்மம் கிடையாது. நூலைச் சோடாவில் அவித்து எண்ணெய்ப் பசையைப் போக்க வேண்டும். கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். பிறகு, கலங்கின தண்ணீரைத் தெளிய வைப்பதற்குப் போடுகிற அதே சீனக்காரத்தைக் கரைத்து, அதில் ஒரு நாள் போட்டுவைக்க வேண்டும். தச்சுப்பட்டறையில் பலாமரம் அறுக்கும்போது கொட்டுகிற தூளைத் துணியில் மூட்டையாகக் கட்டி, பொங்கவிடாமல், பானை முனகுகிற அளவுக்கு மட்டும் தீ வைத்துக் காய்ச்சி, இறங்கிய சாயத்தில் நூலை முக்க வேண்டும். பலாத்தூள் மஞ்சள் கொடுக்கும் என்பது நாட்டில் பாதிப்பேருக்குத் தெரிந்த சங்கதி. ஆனால் நஸீறாவைப் பொறுத்தவரை அது அவளுக்கும் படைத்தவனுக்கும் மட்டுமே தெரிந்த இரகசியம். படைத்தவன் வெளியே சொல்லமாட்டான் என்ற நம்பிக்கை அவளுக்கு உண்டு.

மற்றவர் செய்த சாயத்தில் அவளுக்கு அந்த நம்பிக்கை கிடையாது. கலியாண வீடுகளில் அவளுக்குப் பக்கத்தில் உட்காருவதற்குப் பெண்கள் அஞ்சுவார்கள். ஸலாம் சொல்லிக் கையைப் பிடித்தவள், பேச்சுக்கிடையே மற்றக் கையின் பெருவிரலை எச்சிலில் நனைத்து, பக்கத்திலிருப்பவளின் சாரிக்கரையைத் தேய்த்துப் பார்த்துவிடுவாள். விரலில் நிறம் ஒட்டினால் சந்தோஷமாகச் சாப்பிடுவாள். ஒட்டாவிட்டால், "சோத்துக்கு உப்புக் காணா" என்பாள்.

அவளை யாரும் கஞ்சத்தனக்காரி என்று சொல்லிவிட முடியாது. கேட்டவர் எல்லோருக்கும் செய்முறையைச் சொல்லிக்கொடுப்பாள். "மறைச்சா மறுமையில கேள்வி இரிக்கு புள்ள. நான் ஒண்டையும் மறைக்கிறல்ல," என்பாள். மெய்தான். பலாத்தூளையும் சொல்வாள், கடுக்காயையும் சொல்வாள், சீனக்காரத்தையும் சொல்வாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, ஒரு பொருளைக் கூடுதலாகவும் சேர்த்துச் சொல்வாள். மறைப்பதுதானே பாவம், அள்ளிக் கொடுப்பது எந்தச் சட்டத்தில் குற்றம்? அந்தக் கூடுதல் பொருள் என்னவென்பது, அந்த நேரத்தில் வீட்டு வளவுக்குள் அவள் கண் எங்கே விழுகிறதோ அதைப் பொறுத்தது. வேலிக்கட்டையைப் பார்த்தால் ஆணி. குடித்துவைத்த கோப்பையைப் பார்த்தால் தேயிலைச் சக்கை. மாம்பழக் காலம் என்றால் மாங்கொட்டை. அதைச் சொல்வதற்கு முன்பு மட்டும் அவளுடைய கை தானாகவே முக்காட்டுக்குப் போகும். ஓரத்தை இழுத்துக் காதுக்குப் பின்னால் செருகும். இது அவளுக்குத் தெரியாது.

புருஷன் ஸாஹிருக்கும் அவள் விதிவிலக்கு வைக்கவில்லை. அவர் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர். தச்சுப்பட்டறையிலிருந்து பலாத்தூள் மூட்டைகளை ஏற்றிவருவது அவர் பொறுப்பு. கலியாணம் முடித்த புதிதில், "இது என்னத்துக்குப் புள்ள?" என்று ஒருமுறை கேட்டார். "அடுப்பெரிக்க," என்றாள். அன்றிலிருந்து அவர் அடுப்பெரிக்கத்தான் சுமந்து வருகிறார். அடுப்புக்குள் தென்னம்பாளை எரிவதையும், அடுப்புக்கு மேலே பலாத்தூள் கொதிப்பதையும் பார்த்தபடி பிளேன்டீ குடிப்பார். ஒற்றுமையான குடும்பத்துக்கு உதாரணம் கேட்டால் ஒழுங்கையில் இந்த வீட்டைத்தான் காட்டுவார்கள்.

இரண்டொரு வருடத்துக்கு முன்பு ஒரு நிறுவனம் வந்து பெண்களுக்கு இயற்கைச் சாயப் பயிற்சி நடத்தியது. வளவாளர், அதாவது வகுப்பெடுப்பவர், நஸீறா. கழுத்தில் பெயர் அட்டையை மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் பொதுவாக மாங்கொட்டையைச் சிபாரிசு செய்தாள். "நாலஞ்சி கொட்டைய நல்லாத் தட்டிப் போடுங்க. அதுலதான் பிடிமானம் இரிக்கு." வகுப்பு முடிந்த அன்று பெண்கள் தங்கள் தங்கள் நூலை எடுத்து விரித்தார்கள். எல்லாம் மஞ்சள். அவளுடைய மஞ்சள். நஸீறாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கொஞ்ச நாளில் அதற்கும் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். "எனக்குக் கை மட்டுமில்ல, வாயும் ராசி," என்று ஸாஹிரிடம் சொன்னாள். "நான் வாயால சொன்னாலே போதும், வந்திரும்." ஸாஹிர் பிளேன்டீயை ஒரு மிடறு கூடுதலாகக் குடித்தார். அந்த ராசி ஓட்டமாவடிவரைக்கும் எட்டவில்லை என்பதுதான் ஆச்சரியம். அங்கேயிருந்து தொலைபேசியில் செய்முறை கேட்டவளின் நூல் மொத்தமும் பாழாகிப்போனது. நஸீறா அவளுக்காக மனமுருகிப் பிரார்த்தித்தாள்.

ஒழுங்கைக்குள் அந்த ராசி பலிக்காமல் போனது ஒரே ஒருத்தியிடம். அவள் கூடப்பிறந்த தங்கை, ஜெஸீமா.

அந்த ஊரில் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். ஆகவே அவர்களுடைய வாப்பா தன் வளவை இரண்டாகப் பிரித்து, மூத்தவளுக்கு ஒரு வீடும் இளையவளுக்கு ஒரு வீடும் கட்டிக்கொடுத்தார். குறுக்கே மதிலும் எழுப்பினார். கிணற்றை இரண்டாகப் பிரிக்க வழியில்லாததால் மதில் கிணற்றடியில் வந்து நின்றுபோனது. காயப்போடுகிற கொடியும் அப்படித்தான். ஒரு நுனி நஸீறாவின் தென்னையில், மறுநுனி ஜெஸீமாவின் முருங்கையில். ஜெஸீமாவிடம் ஒரு தறி இருக்கிறது. மேசைவிரிப்பும் துணிப்பையும் நெய்வாள். அதற்கு வேண்டிய நூலுக்குத் தானே சாயமும் காய்ச்சுவாள். அக்காவிடம் கேட்டுக் கேட்டுத்தான் காய்ச்சுவாள். கொடியின் தென்னைப் பக்கம் மஞ்சள் பளீரென்று தொங்கும். முருங்கைப் பக்கம், கெளுத்தி மீனின் முதுகைப்போல ஒரு சாம்பல் தொங்கும். நஸீறாவின் அகராதியில் அந்த நிறத்துக்கு அழுக்கு என்று பெயர்.

"மாஷா அல்லாஹ்! எவ்வளவு வடிவா வந்திரிக்கு," என்று ஒவ்வொரு முறையும் சொல்வாள். மனதாரத்தான் சொல்வாள். தங்கையின்மீது அவளுக்குப் பாசம் பொங்குகிற நேரம் அது. மதிலுக்கு இந்தப் பக்கம் வந்து ஸாஹிரிடம் சொல்வாள். "நான் சொன்னத அப்படியே கேக்கிற ஒரே புள்ள இந்த ஒழுங்கையில என்ட ஜெஸீமாதான்."

இப்படி எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, உதயரூபன் கொடியைப் பார்க்கும்வரைக்கும்.

உதயரூபனுக்குப் புளியந்தீவில் கைத்தறிக் கடை. பாசிக்குடா ஹோட்டல்களுக்குத் திரைச்சீலை கொடுக்கிறவர். போன வியாழக்கிழமை மஞ்சள் நூலை எடுத்துப்போக வந்தார். மஞ்சளைக் கையில் வாங்கியவரின் கண், மஞ்சளைத் தாண்டிப் போனது.

"அக்கா, இது ஆர்ட வேல?"

"எதக் கேக்கிறீங்க தம்பி?"

"அந்தச் சாம்பல். இதத்தானே நான் எவ்வளவு காலமாத் தேடுறன்! ஹோட்டல்காரர் உயிர விடுறாங்க இந்த நெறத்துக்கு. பழசு மாதிரியும் இரிக்கணும், புதுசாவும் இரிக்கணுமாம். மஞ்சள் இப்ப எங்கயும் எடுக்கலாம் அக்கா."

மஞ்சள் எங்கேயும் எடுக்கலாம். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். கொடியின் எந்தப் பக்கம் யாருடையது என்று அவர் கேட்கவில்லை. கொடியில் பாதி தன்னுடையது என்பது நஸீறாவுக்கு நினைவில் இருந்தது. எந்தப் பாதி என்பது அந்த நிமிடத்துக்கு மறந்துபோனது.

"என்ட தான்," என்றாள். முக்காட்டின் ஓரத்தை இழுத்துக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டாள்.

"நெனைச்சன்!" என்றார் உதயரூபன். "அப்ப திங்கக்கிழம ஹோட்டல் ஆக்களக் கூட்டிக்கிட்டு வாறன். நீங்க காய்ச்சிறத அவங்க நேரில பாக்கணும். வீடியோவும் எடுப்பாங்க."

"வீடியோ என்னத்துக்குத் தம்பி?"

"இப்பெல்லாம் துணியவிடக் கதைதான் அக்கா விலைபோகுது."

அவர் போனதும் நஸீறா மூன்று அடுப்பையும் மூட்டினாள். இதில் என்ன இருக்கிறது, தான் சொல்லிக்கொடுத்ததைத்தானே தங்கை காய்ச்சியிருக்கிறாள்? தான் சொன்னது எது என்பதுதான் சிக்கல். ஆணியா, சக்கையா, கொட்டையா? பொய்யை மற்றவர் நம்ப வேண்டும் என்று பாடுபட்டவளுக்கு, அதைத் தானும் ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்று தோன்றாமல் போய்விட்டது. ஒரு பானையில் பலாத்தூளோடு ஆணியைப் போட்டாள். பாசி பிடித்த கிணற்றுக்கட்டின் நிறம் வந்தது. இன்னொன்றில் பலாத்தூளோடு தேயிலைச் சக்கை. வாட்டின வாழைக்காய்த் தோல். மூன்றாவதில் பலாத்தூளோடு மாங்கொட்டை. அவளுடைய மஞ்சளேதான், ஆனால் காய்ச்சலில் படுத்து எழும்பிய மஞ்சள். பலாத்தூள் இல்லாமல் ஒரு பானை வைக்கலாம் என்ற எண்ணம் அவளுக்கு வரவில்லை. பிட்டு அவிக்க நினைக்கிறவர் மாவை விட்டுவிட்டா அவிப்பார்?

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, தன் பொய்யைத் தானே விசாரித்துக்கொண்டு புறப்பட்டாள். தங்கையிடம் கேட்பதற்கு மனம் இடம் கொடுக்கவில்லை. இரண்டு வீடு தள்ளி, பயிற்சி வகுப்பில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்த நிஸ்றாவின் வீட்டுக்குப் போனாள். நிஸ்றா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"நிஸ்றா, சாயத்துக்கு நான் உனக்கு என்னென்ன சொல்லித் தந்தன்? மறந்திட்டியா எண்டு பாக்க வந்தன்."

"மறப்பனா சாச்சி? பலாத்தூள், கடுக்கா, சீனக்காரம்."

"இன்னொண்டு சொன்னனே?"

"ஓ, அதுவா?" நிஸ்றா குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். "அத நாங்க ஆரும் போடுறல்ல சாச்சி."

"போடுறல்லயா? ஏன் புள்ள?"

"நீங்க முக்காட்ட இழுத்திட்டுச் சொன்னீங்களே."

நஸீறாவுக்கு விளங்கவில்லை. நிஸ்றா ஒற்றைக் கையால் தன் முக்காட்டை இழுத்துக் காதுக்குப் பின்னால் செருகிக் காட்டினாள். "இப்படிச் செஞ்சிட்டு நீங்க எதச் சொன்னாலும் அது கணக்கில்ல. எல்லாருக்கும் தெரியுமே! கோவிச்சிக்காதீங்க சாச்சி. உங்கட நல்ல மனசுக்கு மத்ததெல்லாம் சரியாச் சொல்லித் தந்தீங்கதானே."

"ஆரு சொன்ன உங்களுக்கு இத?"

"ஜெஸீமா சாச்சிதான். வகுப்பு தொடங்கின அண்டைக்கே."

திரும்பி வரும்போது ஆற்றுக்காற்று முக்காட்டை நெற்றிக்குத் தள்ளியது, கண்ணுக்குத் தள்ளியது. நஸீறா இரண்டு கையையும் பக்கத்தில் தொங்கவிட்டபடியே நடந்தாள். எதிரே வந்த பள்ளிவாசல் முஅத்தினாரின் மனைவி ஸலாம் சொன்னபோது, பதில் ஸலாம் துணிக்குள்ளிருந்து வந்தது. வீட்டு வாசலில் ஓட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த ஸாஹிரைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்க. பலாத்தூள் என்னத்துக்கெண்டு உங்களுக்குத் தெரியுமா?"

ஸாஹிர் துணியைப் பிழிந்தார். நெடுநாள் சுமந்த மூட்டையை இறக்கிவைக்கலாமா என்று ஒரு கணம் யோசிப்பதுபோல் தெரிந்தது.

"அடுப்பெரிக்க," என்றார்.

சனிக்கிழமையும் அடுப்பு எரிந்தது. பாசி, வாழைத்தோல், காய்ச்சல் மஞ்சள் எல்லாம் மறுபடி மறுபடி வந்தன. கெளுத்தி மட்டும் வரவில்லை. திங்கட்கிழமை உதயரூபன் கமெராவோடு வந்து நிற்பார். ஒழுங்கை முழுவதும் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்க்கும். சாய நஸீறா என்ற பெயரில் நஸீறா மட்டும் மிஞ்சும்.

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு கிணற்றடிக்குப் போனாள். மதில் முடிகிற இடத்துக்கு அந்தப் பக்கம், குட்டை முக்காலியில் உட்கார்ந்து ஜெஸீமா பானைக்குள் நூலை முக்கிப் பிசைந்துகொண்டிருந்தாள். முழங்கைவரைக்கும் சாம்பல்.

"வா ராத்தா. உன்ட நெறத்தத்தான் காய்ச்சிக்கிட்டிரிக்கன்."

கிணற்றடிக்கு மதில் இல்லை; கிணற்றடி தாண்டி வரும் பேச்சுக்கும் மதில் இல்லை என்பது நஸீறாவுக்கு இப்போதுதான் உறைத்தது.

"நாளைக்கு அந்தத் தம்பி வாறாராம்," என்றாள்.

"வரட்டும்."

"வீடியோ எடுப்பாங்களாம்."

"புது அபாயாவ உடுத்திக்க. பெருநாளுக்கு எடுத்தத."

நஸீறா கிணற்றுக்கட்டில் உட்கார்ந்தாள். பிறருக்குச் செய்முறை சொல்லியே பழகியவள் அவள். கேட்பது எப்படி என்று தெரியவில்லை.

"இது எப்படிப் புள்ள வந்தது?"

"நீ சொல்லித் தந்ததுதான் ராத்தா." ஜெஸீமா நூலைப் புரட்டினாள். "நீ முக்காட்ட இழுத்துச் சொன்னதெல்லாம் வேணாம் எண்டு அவளுகள் விட்டுட்டாளுகள். வீண்விரயம் கூடாதெண்டு நீதானே சொல்லுவ? நான் எல்லாத்தையும் சேத்து ஒரு பானையில போட்டுப் பாத்தன்."

"அப்ப உனக்கு மஞ்சளும் வருமா?"

"ஏன் வராம? ஒழுங்க முழுக்க மஞ்சள் காயுது. நானும் ஒண்டக் காயப்போட்டு உன்ட சோத்த இறங்காமச் செய்யவா?" ஜெஸீமா நிமிர்ந்து பார்த்தாள். "என்ட அழுக்கப் பாத்து நீ எவ்வளவு சந்தோசப்படுவ ராத்தா. மாஷா அல்லாஹ் எல்லாம் சொல்லுவ."

நஸீறாவின் கை தன் முக்காட்டை நோக்கி எழுந்தது. பாதி வழியில் அதை அறிந்துகொண்டு மடியில் இறக்கினாள்.

"அந்தத் தம்பிக்கிட்ட என்ட எண்டு சொல்லிட்டன்," என்றாள்.

"கேட்டன்."

முருங்கையில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. கொடி ஆடியது. ஜெஸீமா பெருமூச்சு விட்டாள். அது கோபமா அலுப்பா என்று அக்காவுக்கே பிடிபடவில்லை.

"சரி, சொல்றன், கேள். ஆணி ரெண்டு கைப்பிடி. புளிச்ச கஞ்சித் தண்ணிக்குள்ள போட்டுத் துரு நல்லா இறங்கணும்."

நஸீறா தங்கையின் கைகளைப் பார்த்தாள். இரண்டும் பானைக்குள் இருந்தன.

"தேயிலச் சக்க, காயவெச்சது, ஒரு பை. மாங்கொட்ட நாலஞ்சி, நல்லாத் தட்டி. நீ வகுப்பில சொன்ன மாதிரி."

கைகள் பானைக்குள்ளேயே இருந்தன. ஒரு பொருளும் கூடாமல் ஒரு செய்முறையை ஒருவர் வாயிலிருந்து கேட்பது நஸீறாவுக்கு இதுவே முதல்முறை. அதை எப்படி நம்புவது என்று தெரியவில்லை. சொந்தத் தங்கையாக இருந்தாலும், தன் வாப்பாவுக்குப் பிறந்தவள் அல்லவா?

"ராத்தா," என்றாள் ஜெஸீமா. "கை ரெண்டும் சாயம். என்ட முக்காட்ட ஒருக்கா இழுத்து விடன்."

முக்காடு நழுவியிருக்கவில்லை. இருந்த இடத்தில்தான் இருந்தது. நஸீறா எழுந்து, மதில் முடிகிற இடத்தைத் தாண்டிப் போய், குனிந்து, அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள்.

"பொறகு," என்றாள் ஜெஸீமா, பானையைப் பார்த்தபடி, "உன்ட பலாத்தூள். ஒரு சுண்டு அளவு."

நஸீறா முக்காட்டின் ஓரத்தை விடவில்லை. மஞ்சளேறிய விரலால் இன்னும் கொஞ்சம் இழுத்து, தங்கையின் காதுக்குப் பின்னால் நன்றாகச் செருகிவிட்டாள்.